ஏரி மீனும் வேர்க்கடலையும்



தவக்காலம் நெருங்கும்போதெல்லாம் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சாமி, வெள்ளிக்கிழமை கறி ஆகாது. பிள்ளைகளோ கம்பெனியில் இரவெல்லாம் நின்றபடி வேலை செய்துவிட்டு வருகிறார்கள். ரசத்தையும் அப்பளத்தையும் வைத்துக்கொண்டு எத்தனை வெள்ளிக்கிழமையை ஓட்டுவது?" இது வீண் கேள்வியன்று. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலும், சுங்குவார்சத்திரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரையிலும், முறை வைத்து இரவும் பகலும் உழைக்கும் இளைஞரும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். உழைத்துக் களைத்த உடலுக்கு உரமான உணவு வேண்டும்.

1983-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1251-ஆம் எண் சட்டம், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியையோ, ஆயர் பேரவை குறிப்பிடும் வேறு உணவையோ விலக்குமாறு பணிக்கிறது. நம் முன்னோர் இதனைச் சுத்தபோசனம் என்றனர். மீனுக்குத் தடையில்லை. ஆனால் ஆட்டுக்கறியை விலக்கிவிட்டு, அதைவிட விலையேறிய வஞ்சிரத்தை வாங்கி வறுத்து விருந்துண்பது சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கைவிடுவதாகும். எளியதாகவும் உரமானதாகவும் வாடகை அறையில் ஒற்றை அடுப்பில் செய்யத்தக்கதாகவும் உள்ள மீன் உணவு ஒன்றை இத்திங்கள் எழுதத் துணிகிறேன். முள் நீக்கிய மீன் துண்டின்மேல் வேர்க்கடலையும் மசாலையும் பொதிந்து தோசைக்கல்லில் சுட்டெடுக்கும் வறுவல் அது. மேல்நாடுகளில் பாதாம் பருப்பைக் கொண்டு இவ்வாறு செய்வர். நமக்குப் பாதாம் வேண்டியதில்லை.

நம் பக்கத்துப் பொருள்கள்

இன்று கார்களும் கைபேசிகளும் உருவாகும் இந்நிலப்பரப்பு, சென்ற நூற்றாண்டின் இறுதிவரை ஏரிப்பாசன நெல்லும் மானாவாரிக் கடலையும் விளைந்த பூமி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. நோக்கியா 2006-இல் வந்து 2014-இல் மூடிச் சென்றது. ஆலைகள் வரும், போகும்; ஏரிகள் இருக்கின்றன. செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளின் மீன் இன்றும் நம் சந்தைகளுக்கு வருகிறது. காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வேர்க்கடலை இன்றும் விளைகிறது.

ஏரி மீன்களில் மலிவானது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விரைவாகப் பல்கிப் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்ற பழி இதன்மேல் உண்டு. அப்படியாயின் அதனைப் பிடித்துண்பது ஏரிக்குக் கேடு செய்வதாகாது. இன்னொரு செய்தியும் கேளுங்கள். கலிலேயக் கடலில் பிடிபட்டு, 'புனித பேதுருவின் மீன்' என்று இன்றும் அழைக்கப்படும் மீன் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. நம் முன்னோர் இராயப்பர் என்று அன்போடு அழைத்த அத்திருத்தூதரின் வலையில் விழுந்த மீனுக்கு, நம் சந்தையில் ஏளனமாகப் பார்க்கப்படும் ஜிலேபி உறவுமுறை ஆகிறது.

வேர்க்கடலையும் வெளியிலிருந்து வந்ததே. தென்னமெரிக்காவில் பிறந்த இப்பயிர் பிலிப்பைன் தீவுகளின் மணிலா நகர் வழியே வந்ததால் மணிலாக்கொட்டை என்று பெயர் பெற்றது என்பர். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்தில் மல்லாட்டை என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் பிரான்சு நாட்டின் மார்செய் நகருக்கு இது ஏற்றுமதியாயிற்று. நூறு கிராம் கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் உண்டு. இரண்டும் ஒரே தட்டில் சேருமானால் உழைப்பாளிக்கு வேறென்ன வேண்டும்?

செய்முறை

நால்வருக்கு உரிய அளவு இது. முள் நீக்கிய மீன் துண்டு அரைக்கிலோ வேண்டும். ஜிலேபியில் தலையும் முள்ளும் அதிகம். ஆகையால் முழு மீனாக ஒன்றரைக் கிலோ வாங்கவேண்டியிருக்கும். "முள்ளில்லாமல் சதையை மட்டும் எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்டால் மீன் வெட்டுபவரே செய்து தருவார். வீட்டில் செய்வதானால், செதில் நீக்கிக் குடலெடுத்துக் கழுவிய மீனைப் படுக்கவைத்து, செவுளுக்குப் பின்புறம் நடுமுள்வரை கத்தியை இறக்குங்கள். பிறகு கத்தியைச் சாய்த்து, நடுமுள்ளை ஒட்டியபடியே வால்வரை இழுத்தால் ஒரு பக்கத்துச் சதை தனியே வந்துவிடும். மறுபுறமும் அவ்வாறே. விலா முட்களைச் சீவியெடுத்து, தோலையும் உரித்துவிடுங்கள். தலையையும் முள்ளையும் எறிந்துவிடாமல் புளி கரைத்துக் குழம்பு வையுங்கள். விரால் மீனும் இதற்கு மிக ஏற்றது, ஆயினும் விலை அதிகம். கட்லா, ரோகு போன்ற மீன்களின் சதைக்குள் கவையான சிறுமுட்கள் ஊடுருவிக் கிடப்பதால் அவை குழம்புக்கே உரியவை. கடைகளில் பாசா என்ற பெயரில் உறைந்த நிலையில் விற்கும் முள்ளற்ற துண்டும் ஏற்றதே. அதனைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநிலை நீங்கிய பின், நீர் சொட்டாதபடி நன்கு ஒற்றியெடுக்க வேண்டும்.

மேற்பூச்சுக்கு: வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், மல்லிவிதை ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் நான்கு, கறிவேப்பிலை ஒரு கொத்து, அரிசிமாவு இரண்டு மேசைக்கரண்டி. மீனில் தடவுவதற்கு: மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, அரைமூடி எலுமிச்சையின் சாறு, இஞ்சி பூண்டு விழுது ஒரு தேக்கரண்டி, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. சுடுவதற்கு எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி.

முதலில் மீன் துண்டுகளில் உப்பு, மஞ்சள், எலுமிச்சைச் சாறு தடவிப் பத்து நிமிடம் வையுங்கள். ஏரி மீனில் சிலருக்குப் பிடிக்காத மண்வாடையைப் புளிப்பு தணிக்கும். கால்மணி நேரத்துக்குமேல் ஊறவிட வேண்டாம். புளிப்பினால் சதை விறைத்துப்போகும். ஊறும் நேரத்தில் மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை எண்ணெயின்றி வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிட்டுப் பொடியுங்கள். கடலையைத் தனியே பொடிக்கவேண்டும். மிக்சியானால் விட்டுவிட்டு இரண்டு சுற்று போதும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கசிந்து களியாகிவிடும். மிக்சி இல்லாத அறையில், கடலையை ஒரு துணியில் முடிந்து சப்பாத்திக் கட்டையால் தட்டினால் போதும். ரவை அளவினும் சற்றே பருத்த நொய்யாக இருக்கவேண்டும். பிறகு கடலை, மசாலைப் பொடி, அரிசிமாவு மூன்றையும் ஒரு தட்டில் கலந்து பரப்புங்கள்.

மீனைச் சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்றியெடுங்கள். இஞ்சி பூண்டு விழுதை அடித்த வெள்ளைக்கருவில் கலந்து மெல்லப் பூசி, கடலைக் கலவையில் இருபுறமும் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். முட்டை விலக்குவோர் கடலைமாவைக் கெட்டியாகக் கரைத்துப் பூசலாம். பூசிய துண்டுகளை உடனே அடுப்பில் இடாமல் பத்து நிமிடம் தட்டிலேயே விடுங்கள். அரிசிமாவு ஈரத்தை உறிஞ்சி, கடலையை மீனோடு பிணைத்துக்கொள்ளும்.

தோசைக்கல்லைச் சூடாக்கி எண்ணெய் விட்டு, தீயை நடுத்தரத்திற்கும் சற்றுக் கீழே இறக்குங்கள். ஒரு முறைக்கு மூன்று துண்டுகளுக்குமேல் இடவேண்டாம். விரலகலம் பருத்த துண்டுக்கு முதற்பக்கம் நான்கு நிமிடம், மறுபக்கம் மூன்று நிமிடம் போதும். ஒரே ஒரு முறைதான் திருப்பவேண்டும். நடுவில் கரண்டி நுனியால் விலக்கிப் பார்க்கையில், கண்ணாடி போன்ற தோற்றம் மறைந்து சதை வெண்மையாய் இதழிதழாய்ப் பிரியுமானால் வெந்துவிட்டது. எலுமிச்சைத் துண்டும் வெங்காயமும் வைத்து, ரசம் சோற்றோடு பரிமாறலாம்.

மேற்பூச்சு எதற்காக?

சுவைக்காக மட்டும் என்று எண்ணவேண்டாம். நிலத்தில் நடக்கும் விலங்கின் உடல் தன் பாரத்தைத் தானே தாங்கவேண்டியிருப்பதால் அதன் தசையில் இணைப்புநார் மிகுதி. மீனை நீர் தாங்குகிறது. ஆகையால் அதன் தசையில் நார் மிகக் குறைவு. விரைவில் வெந்துவிடும், அதே விரைவில் உலர்ந்தும் போகும். கடலைப் பூச்சு நேர்நெருப்பைத் தான் ஏற்றுக்கொண்டு, உள்ளிருக்கும் மென்மையான சதையைக் காக்கிறது. கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். எனவே பெருந்தீயில் அது கணத்தில் கருகிக் கசந்துவிடும். மீனின் சாறு காக்கப்படவும் கடலை கருகாதிருக்கவும் ஒரே வழி பொறுமையான தீ.

"பூச்சு கல்லிலேயே ஒட்டிக்கொண்டு மீன் வெறுமையாய் வருகிறது" என்று சிலர் குறைப்படுவர். காரணம் மூன்றில் ஒன்றாயிருக்கும்: மீனின் ஈரம் ஒற்றப்படவில்லை, பூசியபின் பொறுக்கவில்லை, அடிப்பக்கம் சிவக்குமுன் அவசரப்பட்டுத் திருப்பப்பட்டது. மூன்றும் கவனத்தைக் கேட்கும் காரியங்கள். செலவு கேட்பவை அல்ல.

கவனம் எனும் கடமை

கவனக் குறைவு என்ன செய்யும் என்பதை இப்பகுதி கண்ணாரக் கண்டிருக்கிறது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், சுங்குவார்சத்திரம் அருகேயுள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பகுதி விடுதி ஒன்றில் உணவு நஞ்சாயிற்று. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் பணிபுரிந்த பெண்கள் தேசிய நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12-ஆம் நாள்தான் மீண்டும் திறந்தது. பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான பெரும் விடுதி திறக்கப்பட்டது. நல்லதே. ஆயினும் எத்தகைய கட்டடமாயினும், உணவைக் காப்பது அதனைத் தொடும் கைகளேயாகும். சமைப்பவர் எத்தனை பேருக்குச் சமைத்தாலும், உண்பவர் ஒவ்வொருவரும் ஒரு தாயின் பிள்ளை என்பதை மறக்கலாகாது.

இந்த எளிய வறுவலிலும் காக்கவேண்டியவை சில உண்டு. மீனின் கண் தெளிவாகவும் செவுள் சிவந்தும் இருக்கட்டும். விரலால் அழுத்திய இடம் உடனே எழும்பட்டும். நம் வெயிலில் வாங்கிய மீனை வெளியில் ஒரு மணி நேரத்துக்குமேல் வைக்கலாகாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற கடல்மீன்கள் பனிக்கட்டியின்றிக் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. உண்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடல் தடிக்கும். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஓடையிலும் குட்டையிலும் பிடித்த மீனை, மலிவு என்பதற்காக வாங்கவேண்டாம். பச்சை மீனை நறுக்கிய பலகையிலேயே வெங்காயம் நறுக்குவதும் தீது.

கடலையிலும் கண் வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, தீவனத்தில் கலந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்ததும், அப்பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கியதும் தெரியவந்தன. அது கல்லீரலைக் கெடுக்கும். வறுப்பதால் முற்றிலும் நீங்காது. ஆகையால் சுருங்கியதும் நிறம் மாறியதும் பூஞ்சணம் படிந்ததும் கசப்பதுமான பருப்பை, "வறுத்தால் சரியாகிவிடும்" என்று சட்டியில் இடாமல் பொறுக்கி எறிந்துவிடுங்கள். நன்றாய்க் காய்ந்த கடலையை ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள்.

இன்னும் ஒன்று. வேர்க்கடலை சிலர் உடலுக்கு ஒவ்வாது. வாயும் தொண்டையும் வீங்கி, மூச்சுத் திணறி, உயிருக்கே ஆபத்தாகும். எனவே விருந்தினருக்கு இதனைப் பரிமாறுமுன், "உங்களுக்குக் கடலை ஒத்துக்கொள்ளுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒத்துக்கொள்ளாதவருக்குக் கழுவிய வேறு கல்லில், வேறு எண்ணெயில், ரவை பூசிச் சுட்டுக் கொடுங்கள். மீனும் உண்ணாதவர் உடனிருந்தால், மெல்லிய வாழைக்காய் வில்லைகளை இதே மசாலை பூசி, மீன் படாத கல்லில் முதலில் சுட்டுத் தனித்தட்டில் வைப்பது மரியாதை.

ஒற்றை அறையின் விருந்து

ஒரே அறையில் ஐந்தாறு பேராக வாழும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவருக்குப் பகல் முறை, மற்றவருக்கு இரவு முறை என்றிருக்கையில், அவரவர் கடையில் எதையாவது உண்டுவிட்டு உறங்கிவிடுகிறீர்கள். ஒரு கூரையின்கீழ் இருந்தும் முகம் பார்த்துப் பேசாத நாள்கள் எத்தனை! வாரத்தில் ஒரு நாளேனும் சேர்ந்து சமையுங்கள். ஒருவர் மீன் வாங்கட்டும், ஒருவர் கடலை பொறுக்கட்டும், ஒருவர் பாத்திரம் துலக்கட்டும். மசாலைப் பொடியை முன்னரே செய்து வைத்துக்கொண்டால், மீன் ஊறும் நேரம் உட்பட ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

பக்கத்து அறையில் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த தம்பிகள் இருப்பார்கள். மீன் அவர்கள் நாட்டிலும் அன்றாட உணவு. நாம் மிளகும் மல்லியும் இடும் இடத்தில் அவர்கள் கடுகை அரைத்திடுவர். மொழி தெரியாவிட்டால் என்ன? ஒரு தட்டில் இரண்டு துண்டு வைத்து நீட்டுங்கள். அடுத்த வாரம் அத்தட்டு வெறுமையாய்த் திரும்பாது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். மகனுக்குச் சமையல் கற்றுக் கொடுப்பது இழிவன்று. வீட்டைவிட்டுப் பிழைப்புக்குச் செல்லும் பிள்ளைக்குத் துணிமணியும் பெட்டியும் வாங்கித் தருகிறோம். அடுப்பை மூட்டி, ஒரு மீனைப் பதமாகச் சுட்டு உண்ணவும், பிறருக்கு இடவும் கற்றுக் கொடுத்து அனுப்பினால், அது எந்த ஊரிலும் கெட்டுப்போகாத சொத்து. வங்கக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அக்காலத்தில் கடல்மீன் விலை ஏறும்போது, ஏரிமீனைக் கையாளத் தெரிந்தவன் கலங்கமாட்டான்.

யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். சீடர் எழுவர் இரவெல்லாம் ஏரியில் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் விடியலில் திரும்புகின்றனர். இரவு முறை முடித்துச் சோர்ந்து வரும் நம் பிள்ளைகளின் முகம் அப்போது அவர்களுக்கு இருந்திருக்கும். உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்கிறார். அவர் சொற்படி வீசிய வலையில் 153 பெரிய மீன்கள் அகப்படுகின்றன. ஆயினும் கரையேறியபோது அவர்கள் கண்டது, அவர் ஏற்கெனவே மூட்டி வைத்திருந்த கரிநெருப்பையும் அதன்மேல் வெந்துகொண்டிருந்த மீனையும் அப்பத்தையுமே. அவர்கள் பிடித்த மீனிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். அவர்கள் உழைப்புக்கும் அப்பந்தியில் இடம் தருகிறார். தம்மை மறுதலித்த பேதுருவிடம் அவர் கேட்கவேண்டிய கேள்விகள் இருந்தன. அவற்றை அவர் உணவு முடிந்த பின்னரே கேட்டார்.

நம் இல்லங்களில் இம்முறை தலைகீழாய் நடப்பதுண்டு. பிள்ளை வாயிற்படி மிதிக்குமுன்பே சம்பளம் வந்ததா, வேலை நிரந்தரமாயிற்றா, பெண் பார்க்கலாமா என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம். முதலில் கை கழுவச் சொல்லுங்கள். கல்லிலிருந்து எடுத்த மீனைச் சூட்டோடு தட்டில் வையுங்கள். அவன் உண்டு முடிக்கட்டும், பிறகு கேட்கலாம்.